வைரஸை எதிர்க்கும் நொதியும் உங்கள் பயாப்சி ரிப்போர்ட்டும்

கொடைக்கானல் கீழ்மலையில் ஒரு கிராமத்திலிருந்து 39 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். நோட்டுப் புத்தகத்தில் ஏழு பக்கம் எழுதி, அதைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார். ஊரும் ஆளும் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

வீட்டிலேயே தையல் வேலை. கணவருக்கு ஒரு ஏக்கரில் காபியும் மிளகும்; மற்ற நாட்களில் பிக்-அப் வண்டி ஓட்டுகிறார். மகன் பிளஸ் டூ, மகள் எட்டாம் வகுப்பு. ஊருக்கு வந்த மருத்துவ முகாமில் கர்ப்பப்பை வாயில் மருந்து தடவிப் பார்த்துவிட்டு, ‘வெள்ளையாகத் தெரிகிறது’ என்று திண்டுக்கல்லுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே எடுத்த சோதனையில் ஹெச்.பி.வி. 16 என்ற வைரஸ் இருப்பதாக வந்தது. சதைத் துளி எடுத்துப் பார்த்த பயாப்சியில் சி.ஐ.என். 3, அதாவது புற்றுநோய்க்கு முந்தைய நிலை. ‘லீப் என்று ஒரு சின்ன சிகிச்சை செய்துவிடலாம்’ என்றார் அங்கிருந்த மருத்துவர். இன்னொரு ஊரில் பார்த்த தனியார் மருத்துவரோ, ‘கர்ப்பப்பையையே எடுத்துவிடுங்கள், தொல்லை விட்டது’ என்றாராம். இவருடைய அம்மா இதே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் 52 வயதில் இறந்தவர்.

இதற்கு நடுவில், கோவையில் பயோடெக்னாலஜி படிக்கும் அண்ணன் மகள் போனில் ஒன்று சொல்லியிருக்கிறாள். ‘அத்தை, வைரஸ் மட்டும் காரணம் இல்லை. வைரஸை அழிக்க நம்ம உடம்பே வைத்திருக்கிற ஒரு நொதி (என்சைம்), நம்ம டி.என்.ஏ.வையும் வெட்டிவிடுகிறது. அதில்தான் கேன்சர் ஆரம்பிக்கிறது.’ அன்றிலிருந்து இவர் தினமும் குடித்துவந்த கசாயத்தை நிறுத்திவிட்டார். நெல்லிக்காய்கூடச் சாப்பிடுவதில்லை. எதிர்ப்பு சக்தி கூடினால் அந்த நொதியும் கூடும் என்று பயம். மகளுக்கு ஹெச்.பி.வி. தடுப்பூசி போட இருந்ததையும் தள்ளிவைத்துவிட்டார். ஒரு பரிசோதனைக் கூடத்தில் ‘ஜீன் டெஸ்ட்’ எடுக்கப் பதினெட்டாயிரம் கேட்கிறார்கள், சீட்டு எடுத்துக் கட்டலாமா என்று கேட்கிறார். ‘என் உடம்பே எனக்கு எதிரியாகிவிட்டால் சிகிச்சை செய்து என்ன பயன்? காபிப் பழம் பறித்து, மிளகும் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்’ என்று எழுதியிருக்கிறார். கடைசிப் பக்கத்தில், மை அழிந்த இடத்தில், இன்னொரு விஷயமும் இருக்கிறது: உடலுறவு மூலம் பரவும் வைரஸ் என்று தெரிந்த நாளிலிருந்து கணவர் பேசுவதில்லை. மாமியார் பேசுகிற பேச்சு காது கொடுத்துக் கேட்க முடியவில்லை.

சகோதரி,

உங்கள் ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்தேன். அதில் புற்றுநோய் என்று இல்லை. சி.ஐ.என். 3 என்றால், கர்ப்பப்பை வாயின் மேல்தோலில் உள்ள செல்கள் அடியிலிருந்து மேல்வரை மாறிப்போயிருக்கின்றன, ஆனால் அடியில் இருக்கும் சவ்வைத் தாண்டி உள்ளே இறங்கவில்லை என்று பொருள். இந்த நிலையில் கண்டுபிடித்தால் அந்த இடத்தை மட்டும் எடுத்துவிட்டு அநேகமாக எல்லோரையும் காப்பாற்றிவிடலாம். உங்கள் அம்மாவுக்குக் கிடைக்காத வாய்ப்பு இது. மற்றதையெல்லாம் இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அண்ணன் மகள் சொன்னதில் எது சரி

அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. நல்ல படிப்பாளி என்று தெரிகிறது. ஆனால் பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறாள். மீதியையும் கேட்டால் நீங்கள் எடுத்த முடிவுகள் எல்லாம் தலைகீழாக மாறும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்த நொதிக் குடும்பத்துக்கு அபோபெக் 3 என்று பெயர். மனிதர்களிடம் அதில் ஏழு மரபணுக்கள் இருக்கின்றன, ஏழும் 22-ஆம் குரோமோசோமில் பக்கம் பக்கமாக. இவற்றில் ஒன்று வைரஸை முடக்குகிறது என்பது 2002-இல் ஹெச்.ஐ.வி. ஆராய்ச்சியில் தெரியவந்தது. ‘வெட்டுகிறது’ என்பது பேச்சுக்குச் சரி. உண்மையில் அது எழுத்தை மாற்றுகிறது. டி.என்.ஏ. நான்கு எழுத்துகளால் எழுதப்பட்டது. அதில் சைட்டோசின் என்ற எழுத்தை இந்த நொதி யுராசிலாக மாற்றிவிடும். அடுத்த நகல் எடுக்கும்போது அது தைமின் என்று தப்பாகப் படிக்கப்படும். வைரஸின் டி.என்.ஏ.வில் இப்படி நிறைய எழுத்துப்பிழைகள் விழுந்தால் அதனால் பெருக முடியாது. நம் உடம்பு கோடிக்கணக்கான வருடங்களாக வைத்திருக்கும் ஆயுதம் இது.

சிக்கல் எங்கே என்றால், அந்த நொதிக்கு வைரஸின் டி.என்.ஏ., நம் டி.என்.ஏ. என்ற பாகுபாடு சரியாகத் தெரியாது. இரட்டை இழையாக முறுக்கிக்கொண்டிருக்கும் டி.என்.ஏ.வை அது தொடுவதில்லை. செல் பெருகுவதற்காக இழைகள் பிரிந்து ஒற்றையாக நிற்கும் நேரத்தில்தான் அதற்கு இடம் கிடைக்கும்.

உங்கள் தோட்டத்தையே நினைத்துக்கொள்ளுங்கள். காபிச் செடிக்கு அடியில் களை வெட்ட ஆள் விடுகிறீர்கள். இரண்டு நாள் வேலை. ஒன்றிரண்டு கிளையில் அரிவாள் படலாம், மேஸ்திரி பார்த்துச் சத்தம் போடுவார், அடிபட்டதைக் கவாத்து செய்துவிடுவார். அதே வேலை பத்துப் பதினைந்து வருடம் ஒருநாள் விடாமல் நடக்கிறது, ஆட்களும் கூடிக்கொண்டே போகிறார்கள், மேஸ்திரியும் இல்லை என்றால் தோட்டம் என்ன ஆகும்? அரிவாள் தாய்த்தண்டிலேயே விழும். ஹெச்.பி.வி. 16 பல வருடம் தங்கிவிட்ட இடத்தில் நடப்பது இதுதான். அந்த வைரஸ் ஈ6, ஈ7 என்று இரண்டு புரதங்களைச் செய்கிறது. பிழை விழுந்த செல்லை நிறுத்திவைக்கும் பி53 என்ற காவல் புரதத்தை ஈ6 அழிக்கிறது. மேஸ்திரி போனது அப்படித்தான். செல் பெருகாமல் பிடித்துவைக்கும் ஆர்.பி. என்ற புரதத்தை ஈ7 செயலிழக்க வைக்கிறது. அதோடு, ஈ6 இந்த நொதிக் குடும்பத்தில் 3பி என்பதன் அளவைக் கூட்டுகிறது, ஈ7 3ஏ என்பதைச் சீக்கிரம் சிதையவிடாமல் வைத்திருக்கிறது. வைரஸை விரட்ட வந்த ஆட்களை வைரஸே கூட்டிவிட்டு, கண்காணிப்பையும் எடுத்துவிடுகிறது.

இது ஊகம் இல்லை. தைமினை அடுத்து வரும் சைட்டோசினைத்தான் இந்த நொதி தேடிப்போகும். அதனால் அது கைவைத்த இடத்தில் ஒரு முத்திரை விழுந்துவிடுகிறது. 2017-இல் 228 கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க் கட்டிகளை வைத்துச் செய்த பெரிய மரபணு ஆய்வு வெளிவந்தது. அதில் இந்த முத்திரை பெரும்பாலான கட்டிகளில் இருந்தது. செல்லை ஓயாமல் வளரச் சொல்லும் பி.ஐ.கே.3.சி.ஏ. என்ற மரபணு, இந்தப் புற்றுநோயில் ஏறத்தாழ நான்கில் ஒரு கட்டியில் பழுதாகியிருக்கிறது. அதிலும் அதிகமாகப் பழுதாகும் இரண்டு இடங்கள் இந்த நொதிக்குப் பிடித்த எழுத்து வரிசையில் இருப்பவை. ஆகவே இந்த நொதிக்குப் புற்றுநோயில் பங்கு உண்டு. அதை உங்களிடம் மறைக்கவில்லை.

அவள் சொல்லாமல் விட்டது

இப்போது மறுபாதி. 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஹெச்.பி.வி. 16 தொற்று இருந்த பெண்களிடமிருந்து வைரஸையே எடுத்து எழுத்தெழுத்தாகப் படித்தார்கள். தொற்று வந்தும் நோய் முற்றாத பெண்களின் வைரஸில்தான் இந்த நொதி ஏற்படுத்திய பிழைகள் அதிகம் இருந்தன. நோய் முற்றியவர்களின் வைரஸில் குறைவு. நொதி தன் வேலையைச் சரியாகச் செய்தவர்களுக்கு வைரஸ் கிழிந்த துணியாகி வெளியே போயிருக்கிறது. இதற்கு மூன்று வருடம் முன்பு, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஹெச்.பி.வி. 16 மாதிரிகளைப் படித்தவர்களும் இதை ஒட்டிய ஒன்றைக் கண்டார்கள்: புற்றுநோய் வந்த பெண்களின் வைரஸில் ஈ7 பகுதி அநேகமாகப் பிழையே இல்லாமல், அப்படியே முழுசாக இருந்தது.

ஆக, இந்த நொதி இருப்பதால் நோய் வரவில்லை. அது எல்லோரிடமும் இருக்கிறது. ஹெச்.பி.வி. தொற்று வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு ஒன்றிரண்டு வருடத்தில் வைரஸ் தானாகவே மறைந்துவிடுகிறது; அந்த வேலையில் இந்த நொதிக்கும் பங்கு இருக்கிறது. வைரஸ் போகாமல் வருடக்கணக்கில் தங்கிவிட்டவர்களுக்குத்தான் அது திரும்பி அடிக்கிறது. ‘என் உடம்பே எனக்கு எதிரி’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்தபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. உங்கள் உடம்பு இத்தனை வருடமாக உங்களுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. அதற்கு இப்போது வெளியிலிருந்து ஒரு கை வேண்டும், அவ்வளவுதான்.

எதிர்ப்பு சக்தியைக் குறைத்தால் நல்லது என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். அது நேர்மாறான கணக்கு. எதிர்ப்பு சக்தி குறைந்த பெண்களுக்கு என்ன ஆகிறது என்பது நமக்கு நன்றாகத் தெரியும்: ஹெச்.ஐ.வி. உள்ள பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு. சாதாரணமாகப் பதினைந்து, இருபது வருடம் எடுக்கும் மாற்றம், சிகிச்சை இல்லாத ஹெச்.ஐ.வி. இருந்தால் ஐந்து, பத்து வருடத்தில் நடந்துவிடுகிறது. நெல்லிக்காயைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். அதனால் இந்த நொதி கூடவும் செய்யாது, சி.ஐ.என். 3 கரையவும் செய்யாது. கசாயம் பிடித்தால் குடியுங்கள், ஆனால் சிகிச்சைக்குப் பதிலாக இல்லை. லீப் செய்யப் போகும் முன் என்ன குடிக்கிறீர்கள் என்று மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

இந்த நொதியை அடக்கும் மாத்திரை உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆய்வுக் கூடங்களில் முயல்கிறார்கள். எந்த நாட்டிலும் நோயாளிக்குக் கொடுக்க அனுமதி பெற்ற மருந்து இல்லை. யாராவது இருப்பதாகச் சொல்லி விற்றால் வாங்காதீர்கள்.

பதினெட்டாயிரம் ரூபாய்ச் சோதனை

வேண்டாம். சீட்டுப் பணத்தைத் தொடாதீர்கள்.

அம்மாவுக்கு வந்தது உங்களுக்கும் வருகிறதே, ரத்தத்திலேயே இருக்கிறதோ என்ற உங்கள் பயம் புரிகிறது. மார்பகப் புற்றுநோயில் சில குடும்பங்களில் வழிவழியாக வரும் மரபணுக் கோளாறு உண்டு, அதைச் சோதித்துப் பார்ப்பதில் அர்த்தமும் உண்டு. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் அந்த வகை இல்லை. இந்த நொதி போடும் எழுத்துப்பிழைகள் கர்ப்பப்பை வாயின் அந்தத் துளி இடத்துச் செல்களில் மட்டும் விழுபவை. கருமுட்டைக்குப் போவதில்லை, மகளுக்கு இறங்குவதில்லை. பிறவியிலேயே இந்த நொதி மரபணுக்களில் ஆளுக்கு ஆள் சில வித்தியாசங்கள் உண்டு என்பது உண்மை. ஆனால் அதைத் தெரிந்துகொண்டு உங்கள் சிகிச்சையில் மாற்றப்போவது ஒன்றும் இல்லை. பயாப்சி எதைச் சொல்ல வேண்டுமோ அதைச் சொல்லிவிட்டது.

உங்கள் அம்மாவைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதில் ஒரு விவரம் என் கண்ணில் நின்றது. ரத்தப்போக்கு ஆரம்பித்து எட்டு மாதம் கழித்துத்தான் மலையிறங்கி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். அதற்கு முன் ஒருமுறைகூட யாரும் அவரைப் பரிசோதித்ததில்லை. அவரை நம்மிடமிருந்து கொண்டுபோனது அதுதான்.

இத்தனைக்கும் அந்தச் சோதனையின் மதிப்பை உலகத்துக்குக் காட்டிய மாவட்டங்களில் உங்கள் மாவட்டமும் ஒன்று. ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிளிக்கையை மையமாக வைத்து, திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. செவிலியர்கள் கர்ப்பப்பை வாயில் வினிகர் போன்ற அசிட்டிக் அமிலக் கரைசலைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெள்ளையாகிறதா என்று பார்த்தார்கள். உங்களுக்கு முகாமில் செய்தார்களே, அதே சோதனை. 2007-இல் முடிவு வெளிவந்தபோது, அந்த ஒரே ஒரு சோதனையாலும் தொடர்ந்த சிகிச்சையாலும் இந்தப் புற்றுநோய் வருவது 25 சதவீதமும், அதனால் இறப்பது 35 சதவீதமும் குறைந்திருந்தன. உங்கள் ஊர் முகாமில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த அந்த நர்ஸம்மாவுக்கு நீங்கள் ஒரு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

மிளகு முடியட்டும் என்றால்

இந்த இடத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுகிறேன்.

சி.ஐ.என். 3-ஐ ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகத்தில் ஒரு பதில் இருக்கிறது. அது கிடைத்த விதம் கொடுமையானது. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், 1960-களிலும் 70-களிலும், சில பெண்களுக்கு இந்த நிலை இருப்பது தெரிந்தும், அவர்களிடம் சொல்லாமலேயே முழு சிகிச்சை தராமல் வைத்துப் பார்த்தார்கள். பிற்பாடு அது வெளியே வந்து, 1988-இல் விசாரணை அறிக்கையும் வந்தது. அந்தப் பெண்களின் ஆவணங்களைப் பிறகு கணக்கெடுத்தபோது, சரியான சிகிச்சை பெறாதவர்களில் 30 வருடத்துக்குள் புற்றுநோய் வந்தவர்கள் 31 சதவீதம். முறையாகச் சிகிச்சை பெற்றவர்களில் 0.7 சதவீதம். உங்கள் முன்னால் இருக்கும் இரண்டு வழிகளுக்கு நடுவே உள்ள தூரம் அவ்வளவு.

சரி, நாளைக்கே ஓட வேண்டுமா? வேண்டாம். இது ராத்திரியோடு ராத்திரியாக முற்றுகிற விஷயம் இல்லை. சில வாரங்கள் தள்ளிப்போவதால் ஒன்றும் கெட்டுப்போகாது. இந்த மாதத் தீட்டு முடிந்த பின் வரும் வாரத்தில் தேதி வாங்குங்கள். ஆனால் ‘மிளகு முடியட்டும்’ என்றால் மார்ச் தாண்டிவிடும். அப்புறம் மகனுக்குப் பரீட்சை, அப்புறம் கல்லூரி அட்மிஷன், அப்புறம் ஊர்த் திருவிழா. வீட்டில் எல்லோருடைய வேலையும் முடிந்த பிறகுதான் தன் உடம்பு என்று இருக்கும் பெண்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அந்த வரிசையில் நீங்கள் நிற்கக் கூடாது.

லீபா, கர்ப்பப்பையை எடுப்பதா?

உங்கள் நிலைக்கு லீப்தான் முதல் தேர்வு. மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வளையத்தால், மாறிப்போன அந்தப் பகுதியைச் சீவி எடுப்பார்கள். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக ஊசி போடுவார்கள். பத்துப் பதினைந்து நிமிட வேலை. பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். சீவியெடுத்த துண்டு மறுபடி லேபுக்குப் போகும். பயாப்சி தொடாத மூலையில் ஏதாவது ஒளிந்திருக்கிறதா, ஓரங்கள் சுத்தமாக இருக்கின்றனவா என்று தெரிந்துவிடும். கர்ப்பப்பை அப்படியே இருக்கும், மாதவிடாயும் வழக்கம்போல வரும்.

கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தொல்லை விட்டது என்று சொன்ன மருத்துவர் நல்ல எண்ணத்திலேயே சொல்லியிருக்கலாம். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அது பெரிய அறுவை சிகிச்சை. மயக்க மருந்து, ரத்த இழப்பு, சிறுநீர்ப்பைக்கு அடிபடும் ஆபத்து, பல வார ஓய்வு எல்லாம் உண்டு. எடுத்த பிறகும் பெண்ணுறுப்பின் மேல்பகுதியில் வைரஸ் இருக்கலாம் என்பதால் தொடர் பரிசோதனை தப்பாது. இதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. ஒருவேளை உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஆரம்பப் புற்றுநோய் இருந்தால், அதற்குச் செய்ய வேண்டிய அறுவை சிகிச்சையே வேறு. முதலில் சாதாரணமாகக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டு, அப்புறம் ரிப்போர்ட்டில் புற்றுநோய் என்று வந்தால் சிகிச்சை சிக்கலாகிவிடும். லீப் துண்டின் ரிப்போர்ட் வந்த பிறகு, தேவை என்றால், அப்போது பேசிக்கொள்ளலாம்.

உங்களுக்கு உள்ள உரிமைகளையும் சொல்லிவிடுகிறேன். பயாப்சி ரிப்போர்ட்டின் நகலைக் கேட்டு வாங்கலாம். வேறு மருத்துவரிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்றால், கண்ணாடி ஸ்லைடையும் கேட்கலாம். கையெழுத்துப் போடும் முன் என்ன செய்யப்போகிறார்கள், ஏன், வேறு வழி என்ன என்று தமிழில் விளக்கச் சொல்லலாம். உங்களுக்கு என்ன நோய் என்று உங்கள் அனுமதி இல்லாமல் மாமியாரிடமோ ஊர்க்காரர்களிடமோ யாரும் சொல்லக் கூடாது. அரசு மருத்துவமனையில் இந்தச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. பிற்பாடு பெரிய சிகிச்சை எதுவும் தேவைப்பட்டால், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி அந்த அட்டையை இப்போதே எடுத்துவையுங்கள். சந்தேகம் வந்தால் 104 என்ற மருத்துவ உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

மகளுக்குத் தடுப்பூசி

தயவுசெய்து போடுங்கள். தடுப்பூசிக்குள் வைரஸின் வெளி ஓட்டுப் புரதம் மட்டும்தான் இருக்கிறது. டி.என்.ஏ. இல்லை, ஈ6 இல்லை, ஈ7 இல்லை. உள்ளே வேலை இல்லாத வெறும் கூடு. அதைப் பார்த்து உடம்பு செய்யும் எதிர்ப்புப் பொருள், நிஜ வைரஸ் செல்லுக்குள் நுழையும் முன்பே பிடித்துக்கொள்ளும். நான் மேலே சொன்ன கதை முழுவதும் வைரஸ் உள்ளே நுழைந்த பிறகு நடப்பது. நுழையவே இல்லை என்றால் அந்த நொதிக்கு அங்கே வேலையே இல்லை. அண்ணன் மகள் சொன்னதைக் கேட்டு நீங்கள் தடுப்பூசியை நிறுத்தினீர்கள். அவள் சொன்னதை முழுசாகக் கேட்டால், தடுப்பூசி போடுவதற்கு அதைவிடப் பெரிய காரணம் கிடையாது.

பதிமூன்று வயது சரியான வயது. 9 முதல் 14 வயதுவரை ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி என்பது வழக்கம். 9 முதல் 20 வயது வரை ஒரே ஊசியும் போதும் என்று 2022-இல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. அந்த முடிவுக்கு உதவிய சான்றுகளில் நம் நாட்டுப் பெண்பிள்ளைகளிடம் நடந்த ஆய்வும் ஒன்று. இந்தியாவிலேயே தயாரித்த செர்வாவேக் 2023 முதல் கிடைக்கிறது. மகள் படிக்கும் பள்ளியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசமாகப் போடுகிறார்களா என்று முதலில் கேளுங்கள். கோவையில் இருக்கும் அண்ணன் மகளுக்குப் போட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள். இதே தடுப்பூசி உங்களுக்கு இப்போது இருக்கும் தொற்றைக் குணமாக்காது. உங்களுக்கு லீப்.

வீட்டுக்குள் நடக்கும் பேச்சு

ஹெச்.பி.வி. ஒழுக்கத்துக்குச் சான்றிதழ் கொடுக்கும் வைரஸ் இல்லை. உடலுறவு என்று ஒன்று இருக்கும் பெண்களிலும் ஆண்களிலும் மிகப் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் எப்போதாவது வந்துபோவது. வாழ்க்கையில் ஒரே ஒருவரோடு மட்டும் இருந்த பெண்ணுக்கும் வரும். அது எப்போது வந்தது என்று எந்தச் சோதனையாலும் சொல்ல முடியாது. உங்கள் சி.ஐ.என். 3-க்குப் பின்னால் இருக்கும் தொற்று பத்து, பதினைந்து வருடத்துக்கு முந்தையதாக இருக்கலாம். கல்யாணத்துக்கு முன்பே உங்கள் கணவருக்கு இருந்து, அவருக்கே தெரியாமல் உங்களுக்கு வந்து, அவரிடமிருந்து போயும் போயிருக்கலாம். இதை அவரைக் குற்றம் சொல்லவும் பயன்படுத்தாதீர்கள். யாரிடமிருந்து யாருக்கு என்ற வழக்கில் ஜெயிக்கப் போவது யாரும் இல்லை.

மருத்துவர் தேதி கொடுக்கும் நாளில் உங்கள் கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அறைக்குள் அவரையும் உட்கார வைத்து, மருத்துவர் வாயாலேயே இதைச் சொல்லச் சொல்லுங்கள். பேசாமல் இருக்கும் ஆண்களில் பலர் கோபத்தால் அப்படி இருப்பதில்லை. உங்கள் அம்மா இறந்ததைப் பார்த்தவர் அவர், அடுத்தது நீங்களோ என்று பயந்துபோயிருக்கலாம். உங்கள் மாமியாரைப் பொறுத்தவரை, அவருக்கு நீங்கள் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. அவர் வயதுக்கும் ஒரு பரிசோதனை செய்துகொள்வது நல்லது என்று மட்டும் சொல்லிப் பாருங்கள்.

லீப் முடிந்த பிறகு

அன்று ராத்திரியே கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கிக்கொண்டு மலையேற வேண்டாம். கீழே வத்தலக்குண்டிலோ திண்டுக்கல்லிலோ தெரிந்தவர்கள் வீட்டில் ஒருநாள் தங்குங்கள். இரண்டு மூன்று வாரம் தண்ணீராகவோ, காபித்தூள் நிறத்திலோ கசிவு இருக்கும். நான்கு வாரத்துக்குத் தாம்பத்திய உறவு கூடாது, காபி மூட்டை, தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது. தையல் மெஷின் காலால் மிதிப்பது என்றால் முதல் வாரம் விட்டுவிடுங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் நனையும் அளவுக்கு ரத்தம் போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, கெட்ட வாடையோடு கசிந்தாலோ காத்திருக்காதீர்கள். ஒரு வாரம், பத்து நாள் கழித்துப் புண் உதிரும் சமயத்தில் திடீரென்று ரத்தப்போக்கு வருவது உண்டு. அந்த நாட்களில் பிக்-அப் வண்டி ஊரிலேயே நிற்கட்டும், கணவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

துண்டின் ரிப்போர்ட்டை நேரில் போய் வாங்குங்கள். ஓரங்கள் சுத்தம் என்று இருந்தால், ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் மறுபடி ஹெச்.பி.வி. சோதனை. வைரஸ் இல்லை என்று வந்தாலும் அதோடு விட்டுவிடாமல், மருத்துவர் சொல்லும் இடைவெளியில் பல வருடம் தொடர வேண்டும். ஹெச்.ஐ.வி. சோதனையும் ஒருமுறை எடுக்கச் சொல்வார்கள். இந்த நிலையில் எல்லோருக்கும் சொல்வதுதான், பதற வேண்டாம்.

இந்தக் கடிதத்தை அண்ணன் மகளுக்கும் அனுப்புங்கள். லீப் அன்று உங்களோடு வந்து ஒருநாள் இருக்கச் சொல்லுங்கள். தேதி கிடைத்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். ரிப்போர்ட் வந்ததும் அதைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், சேர்ந்தே படிப்போம்.